பனியன் துணியில் வடித்த கொய்யா

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வரிசை வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ஏழு குழந்தைகள், நான், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிய ஒரு மிக்ஸி, நைட் ஷிஃப்ட் முடித்துக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன். இல்லாதவர்கள்: அந்த ஏழு பேரையும் பெற்ற ஐந்து அம்மாக்கள்.

அம்மாக்கள் ஐந்து பேரும் கம்பெனியில் இருந்தார்கள். பெருமாநல்லூர் ரோட்டில் நான் வேலை பார்க்கும் அதே பனியன் கம்பெனிதான். மறுநாள் கண்டெய்னர் ஏற வேண்டும் என்பதால் ஞாயிறும் ஷிஃப்ட் ஓடியது. எனக்கு மட்டும் மதியம் இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது. டம்ளர்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் கொய்யா ஸ்மூத்தி. மேலே நுரை. ஒவ்வொன்றிலும் ஒரு காகித ஸ்ட்ரா. ஏழு வாய்கள் ஒரே நேரத்தில் உறிஞ்சும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

என் அக்கா மகள் ஜெனிஃபா, வயது ஐந்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "மாமா, காலி. இன்னொண்ணு."

"வயிறு வலிக்கும்டி."

"வலிச்சா நான் சொல்லுதேன். நீ ஊத்து."

ஊற்றினேன். அந்தப் பெருமையில் ஒரு போட்டோ எடுத்து, ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன். பத்துப் பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். எனக்கும் அரை டம்ளர் மிச்சம் இருந்தது, குடித்தேன்.

ஆறு ரூபாய் டம்ளர்

இந்த ஸ்மூத்தி எப்படி எங்கள் வாசலுக்கு வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் ஜூஸ் விற்பார்கள். நாக்கு ஆரஞ்சாகும், உள்ளங்கை ஆரஞ்சாகும். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளை அழுதால் அந்தப் பத்து ரூபாய்தான் சமாதானம். ஜெனிஃபாவுக்கு எடை போதவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பினார்கள். அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். எங்கள் குடும்பத்துக்கு வரும் எந்தத் தாளும் கடைசியில் என்னிடம்தான் வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அக்கா எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டையில் தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பது, எல்லாம் என் வேலை. எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும். "சீலன் தம்பி சொல்லிச்சு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பழம் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இரண்டு சாத்துக்குடியும் ஒரு பிரெட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை அம்மா சும்மா ஆப்பிள் வாங்கி வந்தபோது, அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டுல" என்று அழுதாள். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கும்போதே பழம் சாப்பிட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வெறி.

யூடியூப்பில் பார்த்தேன். அவர்கள் சொல்லும் பழங்களின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மார்க்கெட்டில் சாயங்காலம் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை உரித்து, துண்டு போட்டு, ஹவுஸ் ஓனர் அம்மாவின் ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் ஐஸ்கிரீம் மாதிரி ஆகிவிடும். ஐஸ் கட்டி வேண்டாம். பாலுக்குப் பதில் தயிர் பாக்கெட். ஒரு பிடி வேர்க்கடலையை முதல் நாளே ஊறவைத்துச் சேர்த்தால் வயிறு நிறையும். இனிப்புக்குக் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, பழம் நன்றாகப் பழுத்திருந்தால் அதுவும் வேண்டாம். பப்பாளி வாசனை பிள்ளைகளுக்கு ஆகாது, அரை எலுமிச்சை பிழிந்தால் மறைந்துவிடும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் டம்ளர் ஆறு ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் ஞாயிறு வாழைப்பழம், இரண்டாவது ஞாயிறு பப்பாளி. மூன்றாவது ஞாயிறு பாக்கெட் ஜூஸ் கேட்டு யாரும் அழவில்லை என்று செல்வி அக்கா சொன்னாள். முருகேசன் அண்ணனின் மனைவி அவள். கார்த்தி, கவின் என்று இரண்டு பையன்கள்.

"தம்பி, உனக்குப் பொண்ணு பாக்கும்போது இதையும் சேத்துச் சொல்லணும்ல. மாப்பிள்ள ஜூஸ் போடுவாருன்னு" என்றாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு துணி

கொய்யாவில்தான் சிக்கல் வந்தது.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஈஸ்வரன் அண்ணனுக்குக் குண்டடம் பக்கம் தோட்டம். சீசனில் காரின் டிக்கி நிறையக் கொய்யா கொண்டுவந்து கம்பெனியில் கிலோ முப்பதுக்குக் கொடுப்பார். "மருந்தடிக்காத காய்ங்க தம்பி, கண்ண மூடிட்டுக் குடுங்க புள்ளைங்களுக்கு" என்பார். உள்ளே சிவப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் கை நீட்டும். ஆனால் விதை.

"மாமா, மண்ணு மண்ணா இருக்கு" என்று துப்பினாள் ஜெனிஃபா. கவினுக்குப் பல்லிடுக்கில் சிக்கி அழுகை. டீ வடிகட்டியில் ஊற்றினால் ஒரு டம்ளரிலேயே அடைத்துக்கொண்டது.

திருப்பூரில் ஒரு வீட்டில் எது அடைத்தாலும், ஒழுகினாலும், சிந்தினாலும் கை தானாகப் போவது பனியன் வேஸ்ட்டுக்குத்தான். கட்டிங்கில் மிஞ்சும் துண்டுகள். எங்கள் வீட்டில் முகம் துடைப்பது அது, தலையணைக்குள் இருப்பது அது, குழாய் வாயில் கட்டியிருப்பது அது, இட்லித் தட்டில் விரித்திருப்பது அது. ஜெனிஃபா பிறந்தபோது அவளைச் சுற்றிக் கொண்டுவந்ததும் அதில்தான். கடையில் காசு கொடுத்துத் துணி வாங்கி வடிகட்டுவார்கள் என்று எங்கள் வரிசையில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிங் செக்‌ஷன் மூட்டையிலிருந்து ஒரு கை வெள்ளைத் துண்டுகள் எடுத்து வந்தேன். செக்யூரிட்டி பார்த்தார், தலையை ஆட்டினார். ஞாயிறு காலை அதில் பெரிய துண்டாக ஒன்றைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, பாத்திரத்தின் மேல் கட்டி, கொய்யாக் கூழை ஊற்றி, முறுக்கிப் பிழிந்தேன். விதை ஒன்றுகூட இறங்கவில்லை. பட்டு மாதிரி வந்தது. துணியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, மதியம் கம்பெனிக்குப் போனேன்.

நான் ஒட்டிய அறிவிப்பு

ஈஸ்வரன் அண்ணன் கட்டிங் மேஜை பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒரு வேல இருக்குதுங்க. இந்தப் பசங்க பண்ணி வெச்சிருக்கற கூத்தப் பாத்தீங்களா? வெள்ளிக்கெழம ரெண்டு டேபிள் வேஸ்ட்டையும் ஒரே மூட்டைல அள்ளிப்போட்டிருக்கானுங்க. கொசு லாட்டும் இதுக்குள்ளதான் கெடக்குது. ஜி.எஸ்.எம். பாத்துப் பிரிச்சுப்போடுங்க. பையர் ஆளு வந்தா நம்மளத்தான் கேப்பான்."

கொசு லாட் என்றால் என்னவென்று சொல்கிறேன். அந்த மாதம் இரண்டு ஆர்டர்கள் ஓடின. இரண்டும் குழந்தைகள் சட்டை, இரண்டும் வெள்ளை. ஒன்று சாதாரணத் துணி. இன்னொன்று கொசு அண்டாமல் இருக்கப் பூச்சி மருந்து ஏற்றிய துணி. தொட்டால் வித்தியாசம் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. இருபது துவைப்புக்கும் அந்த மருந்து போகக் கூடாது என்பது பையரின், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனியின், நிபந்தனை.

அந்த மருந்தின் பாதுகாப்புத் தாள் ஆங்கிலத்தில் வந்தது. யாரும் சொல்லாமல் நானாகவே அதைத் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து, கட்டிங் செக்‌ஷன் சுவரில் ஒட்டியிருந்தேன். பெண்களுக்குப் புரியட்டும் என்று. மூன்றாவது வரி இது: "இந்தத் துணியின் கழிவை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. உணவுப் பொருள் மீது படக் கூடாது."

நான் மூட்டையைப் பார்த்தேன். அதே நீலக் கயிறு கட்டிய மூட்டை. வெள்ளிக்கிழமை நான் கை விட்டு எடுத்தது அதில்தான். தலைக்கு மேலே என் அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும் இதுல இருந்து எடுத்துட்டுப் போகலீங்களே?" என்றார் ஈஸ்வரன் அண்ணன், போனைப் பார்த்துக்கொண்டே.

பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நூற்று எழுபத்தொன்று

வீட்டுக்குப் பத்து நிமிடம். போகும்போது மனதுக்குள் ஜெபம் சொன்னேனா, மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேனா என்று தெரியவில்லை. வாசலில் பிள்ளைகள் பழைய நூல் கோன்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "மாமா வந்துட்டு, மாமா வந்துட்டு, ஜூஸ்!" என்று கத்தினார்கள்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை. கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு மறுபடி கம்பெனிக்கு ஓடினேன். எனக்கு விடை வேண்டும் என்று தோன்றியது. படித்தவன் அல்லவா, அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்ற கணக்கு. வட்டமாக வெட்டும் ஒரு கட்டர் உண்டு. வெட்டிய வட்டத்தைத் தராசில் வைத்தால் எண் வந்துவிடும். சாதாரண லாட் நூற்று அறுபது. கொசு லாட் நூற்று எண்பது. இரண்டில் ஒன்று வரும்.

கட்டரை அழுத்தித் திருகினேன். முதல் வட்டம் கோணிப்போனது. இரண்டாவதைத் தராசில் வைத்தேன்.

நூற்று எழுபத்தொன்று.

இன்னொரு இடத்தில் வெட்டினேன். நூற்று எழுபது.

துவைத்த துணி சுருங்கும், சுருங்கினால் எடை கூடும். ஆகவே இது நூற்று அறுபதாக இருக்கலாம். நான் முறுக்கிப் பிழிந்ததில் துணி இழுபட்டிருந்தால் எடை குறையும். ஆகவே நூற்று எண்பதாகவும் இருக்கலாம். மூன்று வருடம் படித்த படிப்பு அந்தத் தராசின் முன்னால் அவ்வளவுதான் சொன்னது.

ஈஸ்வரன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணும் ஆகாதுங்க. இருபது வாஷ் தாங்கற மருந்து ஒருக்கா ஜூஸ் ஊத்துனாக் கரைஞ்சுபோடுமா? ரோசன பண்ணிப் பாருங்க."

"தயிர் ஊத்தியிருக்கேன் அண்ணே. எலுமிச்சையும் பிழிஞ்சேன். புளிப்புல எறங்குமா எறங்காதான்னு தெரியல."

"உங்களுக்கே தெரியாதப்ப லைன்ல போயி என்னன்னு சொல்லுவீங்க? அஞ்சு பேரும் எந்திரிச்சாங்கன்னா லைன் நின்னுபோயிருமுங்க. கண்டெய்னர் போவாது. சாயங்காலம் ஷிஃப்ட் முடியட்டும், நானே என்ர காருல கூட்டீட்டுப் போறேன். ரெண்டு மணி நேரந்தானுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவர் சொன்னது எனக்கு நியாயமாகக்கூடப் பட்டது. பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன்? யாருக்கும் சொல்லாமல் இருந்தால், சாயங்காலம் எல்லாம் சரியாக இருந்தால், இது யாருக்கும் தெரியாமலே போய்விடும். நான் பழைய சீலன் தம்பியாகவே இருப்பேன். அப்படி நினைத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா, தெரியவில்லை. மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர்.

"எத்தன டம்ளர்?"

தையல் லைனுக்குள் போனேன். அக்கா ஓவர்லாக்கில் குனிந்திருந்தாள். தோளில் கை வைத்தேன்.

"ஏல, வேல நேரத்துல என்னல?" என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

சொன்னேன். மெஷினை நிறுத்தினாள். எதற்காகத் துணியை எடுத்தாய் என்று கேட்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்கவில்லை.

"ஜெனி எத்தன டம்ளர் குடிச்சா?"

"ரெண்டு."

"நீ குடிச்சியா?"

"அரை டம்ளர்." அதுவரை எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அக்கா எழுந்து நின்று, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "செல்வீ! பிள்ளைகளுக்கு மருந்துத் துணியில ஜூஸ் வடிச்சிக் குடுத்திருக்கான் இவன். எந்திரி."

செல்வி அக்கா எழுந்தாள். மூலை வீட்டு அக்கா தங்கை இருவரும் எழுந்தார்கள். மூலை வீட்டில் மட்டும் மூன்று பிள்ளைகள்.

மிச்சம் சுனிதா. பீகார்க்காரப் பெண், செக்கிங்கில் இருந்தாள். மகன் ரோஷனுக்கு மூன்று வயது. தமிழ் அவளுக்கு "வா, போ, சாப்பிட்டாச்சா" அளவுதான். எனக்கு ஹிந்தி அதைவிடக் கொஞ்சம் கூட. அண்ணி, பிள்ளைகள், ஜூஸ், துணியில் கொசு மருந்து என்று தெரிந்த வார்த்தைகளை அடுக்கினேன்.

"பாபி… பச்சா லோக்… ஜூஸ். கப்டா மே… மச்சர் கா தவாய்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஜஹர்?"

விஷமா என்று கேட்கிறாள். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது.

"நஹி. நஹி பாபி… பதா நஹி."

தெரியாது என்றேன். அவள் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது.

ஈஸ்வரன் அண்ணன் வாசலில் நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். "ஆட்டோவுக்குச் சொல்லியாச்சுங்க, ரெண்டு வருது" என்று மட்டும் சொன்னார். பிறகு, "போறவங்களுக்கு இன்னிக்கு இன்சென்டிவ் வராதுங்க, அத நான் மாத்த முடியாது, இப்பவே சொல்லிப்போடறேன்" என்றார்.

"அத நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள் செல்வி அக்கா, ஓடிக்கொண்டே.

எங்கள் வரிசை வீட்டு வாசலில் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். முருகேசன் அண்ணன் அதே கட்டிலில் அதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். ரோஷன் சுனிதாவின் வீட்டுக்குள்ளே தரையில் குப்புறக் கிடந்தான். மூடிய கண். வாயோரம் காய்ந்த இளஞ்சிவப்பு.

சுனிதா அவனைத் தூக்கினாள். தலை தொங்கியது. பெயர் சொல்லிக் கன்னத்தில் தட்டினாள். அவன் அசையவில்லை. மறுபடி தட்டினாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன். அவன் உதடு பிரிந்ததா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று தெரியாத ஒரு நேரம். பிறகு தூக்கத்தைக் கலைத்த கோபத்தில் அம்மாவின் மூக்கில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தான்.

சுனிதா சிரித்துக்கொண்டே அழுதாள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

பெஞ்சில் மூன்று மணி நேரம்

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. ஏழு பிள்ளைகள், ஐந்து அம்மாக்கள், பாதி தூக்கத்தில் முருகேசன் அண்ணன், நான். அறை போதவில்லை.

"எப்பக் குடிச்சாங்க?"

"பத்தரை மணி."

"இப்ப நாலு. அஞ்சரை மணி நேரம். வாந்தி? நடுக்கம்? வாயில எச்சில் வழிஞ்சுதா?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து அம்மாக்களும் தங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பாதுகாப்புத் தாளின் போட்டோவைக் காட்டினேன். டாக்டரம்மா வெகுநேரம் படித்தார். பிறகு, "ஜூஸுல வேற என்ன போட்டீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம், ஓர் இரவு ஃப்ரீசரில். கொய்யா ஒன்றரைக் கிலோ. தயிர் இரண்டு பாக்கெட். ஊறவைத்த வேர்க்கடலை ஒரு பிடி. எலுமிச்சை அரை. நாட்டுச் சர்க்கரை மூன்று ஸ்பூன். மூன்று வாரமாக யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொன்ன அதே பட்டியல். இப்போது போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"எல்லாம் நல்லதுதான்" என்றார் அவர். "மருந்து எறங்கியிருந்தாலும் ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும். ஆனா நான் சும்மா அனுப்ப மாட்டேன். ஏழு மணி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வீட்ல வாந்தி எடுக்க வைக்கறது, உப்புத் தண்ணி குடுக்கறது எதுவும் பண்ணாதீங்க. ரொம்ப சோர்ந்தா, கை கால் உதறுனா உடனே கூப்பிடுங்க."

வராந்தாவில் நீளமான ஒரு பெஞ்சு. ஃபினாயில் வாசனை. பிள்ளைகள் அங்கிருந்த எடை மெஷினில் மாறி மாறி ஏறினார்கள். கார்த்தி ஒரு தும்மல் போட்டால் பெஞ்சே எழுந்து நின்றது. மூலை வீட்டுத் தங்கை தன் மகள் விரலை ஆட்டுவதைப் பார்த்து, "உதறுதா? இது உதறலா?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு கேட்டது என்னிடம் என்று நினைவுக்கு வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதுதான் அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜெனிஃபா வந்து என் மடியில் உட்கார்ந்தாள். "மாமா, இங்க ஜூஸ் தருவாங்களா?"

"பேசாம இரு பிள்ள" என்றாள் அக்கா. "உன் மாமனுக்குப் படிக்கத் தெரியும்னு நெனச்சேன் நான்."



ஏழு மணிக்கு டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ரோஷன் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டான். "கூட்டிட்டுப் போங்க. ராத்திரி ஒரு தடவ எழுப்பிப் பாருங்க, போதும்." என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்த தடவ கொய்யாவ ரெண்டா வெட்டி, நடுவுல இருக்கற விதைய ஸ்பூன்ல சுரண்டி எடுத்துட்டு அடிங்க" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் சொன்னதும் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் செருப்பைத் தேடினார்கள்.

அந்தத் துணி எந்த லாட் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வடிகட்டி

சம்பள நாளில் ஐந்து வீட்டுக்கும் போனேன். அவர்கள் இழந்ததை உறையில் போட்டு எடுத்துப் போனேன். செல்வி அக்கா வாங்கிக்கொண்டாள். "குடு. நீ குடுக்காம யாரு குடுப்பா?" என்று எண்ணியும் பார்த்தாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. மூலை வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. சுனிதா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அக்காவிடம் நீட்டவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிறுகள் மிக்ஸி வெளியே வரவில்லை. தெருமுனைக் கடையிலிருந்து ஆரஞ்சு நாக்கோடு பிள்ளைகள் திரும்பி வருவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். யாரும் எந்தத் தாளையும் என்னிடம் கொண்டுவரவில்லை. மூலை வீட்டுக்கு ஒரு மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வேண்டியிருந்தபோது மெடிக்கல் ஷாப் வரை நடந்து போனார்கள்.

ஐந்தாவது ஞாயிறு காலை கதவைத் தட்டும் சத்தம். சுனிதா. பின்னால் செல்வி அக்கா, அவள் பின்னால் மூலை வீட்டுக்காரிகள் இருவரும். ஷிஃப்டுக்குக் கிளம்பிய கோலம். சுனிதாவின் கையில் எவர்சில்வர் வடிகட்டி, இரட்டை வலை போட்டது, அகலமானது. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இஸ்மே" என்றாள். இதில்.

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குனோம்" என்றாள் செல்வி அக்கா. "அந்தக் கடைக்காரன் பாக்கெட்டு இப்பப் பன்னெண்டு ரூவாயாம். போடு சீக்கிரம், எட்டரைக்கு பெல்லு."

அக்கா மிக்ஸியை எடுத்து வாசலில் வைத்தாள்.

பப்பாளிதான் இருந்தது. வாழைப்பழம் ஃப்ரீசரில் இல்லை, அப்படியே போட்டேன். ஐந்து ஜோடிக் கண்கள் என் கையை விட்டு நகரவில்லை. ஜாரைக் கழுவினேன், அவர்கள் பார்க்கும்படி மறுபடி கழுவினேன். வடிகட்டியைக் கழுவினேன். பப்பாளிக்கு வடிகட்டியே தேவையில்லை, ஆனாலும் வடித்தேன்.

டம்ளர்களை நீட்டினேன். பிள்ளைகள் கை நீட்டுவதற்குள் அம்மாக்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பிறகுதான் கொடுத்தாள்.

அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஆறு ரூபாய் டம்ளருக்கு ஆன கணக்கு இது: ஏழு பிள்ளைகளுக்கும் சேர்த்து டாக்டர் ஃபீஸ் ஆயிரம். ஆட்டோ போக வர நானூற்று எண்பது. ஆஸ்பத்திரி வாசலில் பாலும் பன்னும் நூற்று முப்பத்தைந்து. ஐந்து பேரின் அரை ஷிஃப்ட் ஆயிரத்து ஐந்நூறு. கிடைக்காமல் போன இன்சென்டிவ் இரண்டாயிரத்து ஐந்நூறு. வடிகட்டி நூற்று எண்பது.

ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய்.